வடை, ஜெனரேட்டர், இரண்டாம் வாசோ: இரட்டைத் தாள இயக்கம் நிலைக்குமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் இந்த ஊர் வழக்கப்படி சயாமா (டீச்சர்) என்று கூப்பிடுவார்கள். காலேஜுக்குப் போன பழைய பிள்ளைகள் சிலர் இயக்கவியல் பாடத்தில் "குவாசி-பீரியாடிக்" என்ற சொல்லில் முட்டிக்கொண்டு திரும்பி வந்து கேட்டதும், அவர்களோடு வந்த பெரியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டதும் கீழே இருக்கிறது. ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை வாய் வலிக்கப் பதில் சொல்லியாயிற்று, அதனால் எழுதிவிட்டேன்.

குவாசி-பீரியாடிக் இயக்கம் என்றால் என்ன சயாமா?

இரண்டு தாளம், அல்லது அதற்கு மேல், சேர்ந்து ஓடும். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். ஆனால் சேர்த்துப் பார்த்தால் தொடங்கிய இடத்துக்கு அச்சாக வந்து சேராது. கிட்ட வரும், பிறகு இன்னும் கிட்ட வரும், சேராது.

காதால் கேட்க வேண்டுமானால் கரண்ட் போனதும் எங்கள் தெருவுக்கு வாருங்கள். இந்தப் பக்கம் மருந்துக் கடை ஜெனரேட்டர், எதிர்ச் சாரியில் டீக்கடை ஜெனரேட்டர். இரண்டும் விநாடிக்கு 50 என்பது பேருக்குத்தான். மருந்துக் கடையுடையது 50 என்றால் டீக்கடையுடையது, பழைய மிஷின், 49.6 சொச்சம். கடை வாசலில் நின்றால் ஒரே சீரான உறுமல். நடுத்தெருவுக்கு வந்தால் அதே உறுமல் சுமார் இரண்டரை விநாடிக்கு ஒரு தடவை பெருத்து, அடங்கி, மறுபடி பெருக்கும். "50க்கும் 49.6க்கும் 125:124 தானே, அப்படியானால் இரண்டரை விநாடியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே" என்று ஒரு பிள்ளை மடக்கினாள். சரியான மடக்கு. அந்தச் சொச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. விகிதம் எந்தப் பின்னத்திலும் அடங்காத எண்ணாக இருந்தால்தான் இந்தப் பெயர். ஏழு அட்சரத் தாளத்தையும் எட்டு அட்சரத் தாளத்தையும் இரண்டு தவில்காரர்கள் ஒன்றாகத் தொடங்கினால் 56வது அட்சரம் முடிந்ததும் இருவரும் சமத்தில் சந்தித்துவிடுவார்கள். நாம் பேசுவது சந்திக்கவே சந்திக்காத தவில்காரர்களைப் பற்றி.

புத்தகத்தில் "டோரஸ்" என்று போட்டிருக்கிறதே?

உளுந்து வடை. நடுவில் ஓட்டை உள்ளது, தட்டையான பருப்பு வடை இல்லை. அதன் தோல்மேல் ஓர் எறும்பு ஓட்டையைச் சுற்றி நீளவாக்கில் ஒரு வேகத்தில் போகிறது, அதே சமயம் ஓட்டைக்குள் புகுந்து வெளியே வந்து குறுக்குவாக்கில் இன்னொரு வேகத்திலும் சுற்றுகிறது. வேகங்களின் விகிதம் பின்னமானால் எறும்பின் பாதை ஒரு கட்டத்தில் தன் வாலைத் தானே பிடித்துவிடும். இல்லாவிட்டால் பாதை மூடாமல் வடைத் தோல் முழுவதையும் நெருக்கமாக நிரப்பிக்கொண்டே போகும். இனிமேல் டோரஸ் என்று வருகிற இடத்தில் எல்லாம் வடை என்றே எழுதப்போகிறேன், வாத்தியார்கள் மன்னிக்கவும்.

இதைக் கண்ணால் பார்க்க இடம் உண்டா?

ரங்கூன் ஆற்றின் அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் படகு ஏறும் துறைதான். வற்றம் பிடித்த நேரம் போனால் துறைக்கு இறங்கும் சரிவுப் பாலம் ஏணி மாதிரி நிற்கும், காய்கறிக் கூடையோடு ஏறுகிற அம்மாக்கள் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்கள். ஏற்றத்தில் அதே பாலம் கிட்டத்தட்டத் தட்டை. நிலா தருகிற ஏற்ற வற்றத்துக்கு ஒரு சுற்று 12 மணி 25 நிமிடம், சூரியன் தருவதற்கு 12 மணி. இரண்டும் ஒத்துப்போகும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாகும், இடையில் சுருங்கும். அந்தப் பெருத்து-அடங்கலுக்கு 14.77 நாள் ஆகிறது. எங்கள் தெரு ஜெனரேட்டரில் இரண்டரை விநாடியில் நடக்கும் அதே சங்கதி. கெல்வின் பிரபு 1872இல் சக்கரங்களையும் கப்பிகளையும் ஒரே கயிற்றில் கோத்து, தாளத்துக்கு ஒரு சக்கரமாக, வரப்போகிற ஏற்ற வற்றத்தைக் கணக்கிடும் இயந்திரமே செய்துவிட்டார்.

சரி, "நிலைத்தன்மை" என்று எதைச் சொல்கிறார்கள்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். ஒரே சொல்லில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்று: எறும்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் பழைய வடைக்குத் திரும்புமா, பக்கத்திலேயே இருக்குமா, ஓடிப்போகுமா? இரண்டு: எறும்பை விடுங்கள், விதியையே கொஞ்சம் மாற்றினால் (பக்கத்தில் ஒரு கிரகத்தை வைத்தால், ஒரு ஸ்பிரிங்கை இறுக்கினால்) வடை என்று ஒன்று மிஞ்சுமா?

ஆற்றல் குறையாத அமைப்பு, அதாவது உராய்வே இல்லாத கிரக இயக்கம் போன்றது, முதல் கேள்விக்குத் தருவது சப்பென்ற பதில். தள்ளினால் பக்கத்து வடையில் போய் உட்கார்ந்துகொள்ளும், திரும்பி வராது. ஏனென்றால் அங்கே வடைகள் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒன்றுக்கும் ஈர்க்கும் சக்தி கிடையாது. ஆற்றல் கரையும் அமைப்பில், உராய்வும் உண்டு வெளியிலிருந்து ஊட்டமும் உண்டு என்கிற இடத்தில், பெரும்பாலும் தனி வடை ஒன்றுதான் இருக்கும், எங்கே தொடங்கினாலும் சுற்றுவட்டாரம் முழுவதும் அதை நோக்கிச் சரிந்து வரும். இரண்டாவது கேள்விதான் இரு பக்கமும் கஷ்டம். ஆனால் கஷ்டம் வேறு வேறு மாதிரி: ஆற்றல் காக்கும் பக்கத்தில் "எங்கே தொடங்கினாய்?" என்று கேட்க வேண்டும், கரையும் பக்கத்தில் "திருகாணியை (அதாவது விதிக்குள் நாம் கூட்டிக் குறைக்கும் எண்ணை) எந்த எண்ணில் வைத்திருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

வடை ஏன் உடைய வேண்டும்? மாற்றம் சின்னதுதானே?

ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டியிருக்கிறீர்களா? ஒரு விரலால் தள்ளினாலும் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடும். இரண்டு தாளத்தின் விகிதம் ஒரு சின்னப் பின்னத்துக்கு மிகக் கிட்டத்தில் இருந்தால் அதேதான் நடக்கும். வியாழனுக்குச் சூரியனைச் சுற்ற 11.86 வருஷம், சனிக்கு 29.46. வியாழனின் ஐந்து சுற்று 59.3, சனியின் இரண்டு சுற்று 58.9. கிட்டத்தட்ட ஒன்று! அதனால் இரண்டும் ஒன்றையொன்று ஒரே பக்கமாகத் தள்ளி, சுமார் 900 வருஷம் நீளும் ஒரு பெரிய தள்ளாட்டத்தை உண்டாக்கியிருக்கின்றன. 1785 வாக்கில் லாப்லாஸ் காரணத்தைச் சொல்லும்வரை நியூட்டன் விதியிலேயே கோளாறோ என்று சந்தேகப்பட்டார்கள்.

கணக்கில் இது வகுக்கும் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போவதாகத் தெரியும். இயக்கத்தைக் கணக்கிட எழுதும் நீண்ட கூட்டல் தொடரின் ஒவ்வொரு உறுப்பிலும் கீழே "இத்தனை தடவை இந்தத் தாளம் கழித்தல் இத்தனை தடவை அந்தத் தாளம்" என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அது சின்னதானால் பின்னம் ராட்சசனாகும். சின்ன வகுஎண் தொல்லை என்பார்கள். ஸ்வீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் 60வது பிறந்த நாளை ஒட்டி 1889இல் பரிசு வாங்கிய புவான்காரே இந்தத் தொல்லையில் இறங்கியவர்தான். பரிசு வாங்கிய பிறகு கட்டுரையில் பெரிய பிழை இருப்பது தெரிந்து, திருத்தி மறுபடி அச்சடிக்கும் செலவைத் தானே கட்டினார், பரிசுத் தொகையைவிட அது அதிகம். நஷ்டம் அவருக்கு, லாபம் நமக்கு: திருத்தும்போதுதான் ஒழுங்கற்ற இயக்கம் என்ற பூதத்தை அவர் கண்டார்.

இதற்கும் இரண்டாம் வாசோ மாசத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று வகுப்பில் சொன்னீர்களாமே? (ஓர் அப்பா கேட்டது)

உண்டு அண்ணே. நிலா மாசம் 29.53 நாள், பன்னிரண்டு மாசம் 354 நாள் சொச்சம், வருஷத்துக்குப் பதினோரு நாள் குறை. பர்மிய நாள்காட்டி சில வருஷங்களில் வாசோ மாசத்தை இரண்டு தடவை வைத்து அந்தக் குறையை அடைக்கிறது, 2023இல்கூட வந்ததே. நம் சித்திரை முதல் தேதி சூரியக் கணக்கு, அதனால் தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவோடு ஒட்டிக்கொண்டு ஏப்ரல் நடுவிலேயே நிற்கிறது. தீபாவளியும் தைப்பூசமும் நிலாவையும் பார்ப்பதால் ஆங்கிலத் தேதியில் அலைகின்றன.

ஒரு வருஷத்தில் 12.36827 நிலா மாசம். இதைப் பின்னமாக்கப் பார்த்தால் நல்ல நல்ல பின்னங்கள் வரிசையாக வரும்: 37/3, 99/8, 136/11, 235/19. கடைசி ஒன்றுதான் 19 வருஷத்துக்கு ஏழு அதிக மாசம் என்ற பழைய கணக்கு. பத்தொன்பது வருஷம் ஓடினபின் பிசகு இரண்டு மணி நேரம்தான்! இந்த வரிசையில் அடுத்த பின்னம் வேண்டுமானால் 334 வருஷச் சுற்றுக்குப் போக வேண்டும். பஞ்சாங்கக்காரருக்கு இப்படி ஒரு விகிதம் கிடைத்தால் கொண்டாட்டம். வடைக்கோ அதே விகிதம் ஆபத்து, ஏனென்றால் சின்னப் பின்னத்துக்கு இவ்வளவு கிட்டே போகிற தாளங்கள்தான் ஒன்றையொன்று ஊஞ்சலாட்டும். காலண்டருக்கு உதவாத விகிதமாகப் பார்த்துத் தேடினால் உடையாத வடை கிடைக்கும்.

அவர் தலையாட்டிவிட்டு, "அப்போ அடுத்த இரண்டாம் வாசோ எப்போது?" என்று கேட்டார். காலண்டரைப் பாருங்கள் என்றேன்.

கேஏஎம் தேற்றம் என்ன சொல்கிறது?

கோல்மோகோரோவ், ஆர்னால்டு, மோசர் மூவரின் முதலெழுத்து. கோல்மோகோரோவ் 1954இல் அறிவித்தார், மோசர் 1962, ஆர்னால்டு 1963. சாரம் இது: ஆற்றல் காக்கும் ஒழுங்கான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வடைக்கு வடை தாள விகிதம் மாற வேண்டும், விதியில் செய்யும் மாற்றம் போதுமான அளவு சின்னதாக இருக்க வேண்டும். அப்போது பின்னங்களிலிருந்து போதிய தூரத்தில் இருக்கும் விகிதங்களைக் கொண்ட வடைகள் கொஞ்சம் நெளிந்து பிழைத்துக்கொள்ளும், அப்படிப் பிழைப்பவைதான் பெரும்பான்மை. பின்ன விகிதத்து வடைகள் உடையும், அவற்றின் இடத்தில் மெல்லிய ஒழுங்கற்ற பட்டைகள் வரும். அரிசியில் கல் மாதிரி: எங்கே கையை விட்டாலும் கல் உண்டு, ஆனாலும் மொத்தத்தில் அரிசிதான் அதிகம்.

பின்னங்களிலிருந்து மிகமிக விலகி நிற்கும் விகிதம் தங்க விகிதம், 1.618. அதன் தொடர் பின்னத்தில் (பின்னத்துக்குக் கீழே பின்னம் என்று அடுக்கி எழுதுவது) எல்லாமே 1, அதனால் நல்ல சின்னப் பின்னம் எதுவும் அதற்கு அமையாது. சிரிகோவ் பெயரால் வழங்கும் சோதனைக் கணக்கு ஒன்று உண்டு, சுழலும் கட்டைக்குச் சீரான இடைவெளியில் ஒவ்வொரு தட்டாகக் கொடுப்பது போன்றது. தட்டின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வடைகள் ஒவ்வொன்றாக விழும், தங்க விகிதத்து வடை கடைசிவரை நின்று 0.9716 என்ற அளவில் உடைகிறது. கிரீன் 1979இல் காட்டியது. உடைந்த பிறகும் உடனே வழி திறந்துவிடாது. ஓட்டை விழுந்த வேலியாக நின்று கொஞ்ச காலம் ஆட்களைத் தடுக்கும்.

அப்படியானால் சூரிய மண்டலம் பத்திரம்தானே?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். தாளம் இரண்டே இரண்டானால் பிழைத்த வடைகள் சுவராக நிற்கும், இடையில் மாட்டியது இடையிலேயே கிடக்கும். மூன்றோ அதற்கு மேலோ ஆனால் வடை சுவராக இருக்காது, அறைக்குள் நூல் கட்டிப் பாதையை மறிக்க முடியாத மாதிரி. சுற்றிப் போக வழி உண்டு என்று ஆர்னால்டு 1964இல் காட்டினார். நெகோரோஷெவ் 1977இல் கொஞ்சம் ஆறுதல் சொன்னார்: நழுவும், ஆனால் மிக மிக மெதுவாக நழுவும். நம் ஆயுசுக்கு அது நிலைத்த மாதிரிதான்.

கிரகங்களில் லாஸ்கர் 1989இல் போட்ட கணக்கு பயமுறுத்தும். பூமி இன்று இருக்கும் இடத்தில் 15 மீட்டர் பிசகு வைத்தால், இந்தத் தெருவின் அகலம் போல, பத்துக் கோடி வருஷத்தில் அது 15 கோடி கிலோமீட்டர் பிசகாகிவிடும். 2009இல் அவரும் காஸ்டினோவும் 2,501 தடவை எதிர்காலத்தை ஓட்டிப் பார்த்ததில் சுமார் நூற்றுக்கு ஒன்றில் புதன் தன் பாதையைப் பெரிதாக நீட்டிக்கொண்டு தகராறு செய்தது. பின்ன விகிதம் என்ன செய்யும் என்பதற்கு விண்கல் பட்டையைப் பாருங்கள். வியாழன் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று சுற்றுச் சுற்றும் இடம் ஏறக்குறையக் காலி. கிர்க்வுட் 1866இல் கவனித்தார், விஸ்டம் 1980களில் காரணம் காட்டினார்: அங்கே மாட்டிய கல்லின் பாதை ஒழுங்கில்லாமல் நீண்டு, செவ்வாயின் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது.

ஆற்றல் கரையும் அமைப்பில் என்ன வித்தியாசம்?

அங்கே பின்னம் எதிரி இல்லை, மாமியார் வீடு. போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஹைகன்ஸ் 1665இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஒரே சட்டத்தில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் கொஞ்ச நேரத்தில் எதிரெதிராக ஒத்து ஆடுவதைக் கண்டார், கலைத்துவிட்டாலும் அரை மணியில் மறுபடி ஒத்துக்கொண்டன. உராய்வு இருப்பதால்தான் இது முடியும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதும் அப்படிப் பூட்டிக்கொண்டதுதான், 1:1. புதன் 3:2இல் பூட்டியிருக்கிறது: சூரியனை இரண்டு தடவை சுற்றுவதற்குள் தன்னைத்தானே மூன்று தடவை. 1965இல் ரேடாரில் பார்க்கும்வரை அதுவும் 1:1 என்றே நினைத்திருந்தார்கள்.

ஆக இங்கே வடையின் தோல் பலமாக இருக்கலாம், பக்கத்தில் வருவதை எல்லாம் இழுக்கலாம், விதியைச் சற்று மாற்றினாலும் தோல் அப்படியே நிற்கலாம். ஆனால் தோல்மேல் எறும்பு மூடாத பாதையில் ஓடுகிறதா, பின்னத்தில் பூட்டிக்கொண்டு ஒரே வளையத்தில் சுற்றுகிறதா என்பது திருகாணியைப் பொறுத்தது. திருகாணியை மெல்லத் திருப்பினால் பூட்டு, சின்ன இடைவெளி, பூட்டு, இடைவெளி என்று படிக்கட்டு மாதிரி வரும். பூட்டாத இடங்களைப் பொறுக்கிச் சேர்த்தால் அதற்கும் கணிசமான அளவு உண்டு, அங்கேயும் நிபந்தனை கேஏஎம்மில் பார்த்த அதே "பின்னத்திலிருந்து விலகி நில்" தான். ஒரு வேறுபாடு மறக்க வேண்டாம். சிரிகோவ் கணக்கில் தட்டுக்குத் தட்டு வேகம் கொஞ்சம் கரைகிற மாதிரி மாற்றினால், தங்க விகிதம் வேண்டும் என்பவர் எங்கே தொடங்குவது என்று தேடிப் பயனில்லை, கரைவதை ஈடுகட்டும் தள்ளுவிசையை அதற்கென்று ஓர் எண்ணில் சரியாக வைக்க வேண்டும்.

ஆறு எந்தப் பக்கம்?

கரையும் பக்கம். நேற்று ஆற்றைக் கலக்கினாலும் இன்றைய ஏற்றத்துக்கு அது நினைவிருக்காது. ஆனால் தாளம் இரண்டும் வானத்திலிருந்து வருவதால் ஆறு அவற்றைப் பூட்ட முடியாது. அந்த உராய்வுக்கு நிலாவும் விலை கொடுக்கிறது, கடல் ஏற்ற வற்றம் காரணமாக அது வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. முழுக்க ஆற்றல் காக்கும் அமைப்பு என்பது பாடப் புத்தகத்தில்தான்.

இரண்டு தாளம், மூன்று தாளம் என்று கூடிக்கொண்டே போனால்தான் சுழிப்பு, கொந்தளிப்பு எல்லாம் வருகிறதா?

லான்டாவ் 1944இல் அப்படித்தான் நினைத்தார். ரூயெல்லும் டேக்கன்ஸும் 1971இல் மறுத்தார்கள்: சில தாளங்கள் சேர்ந்ததுமே வடையைக் கொஞ்சம் கலைத்து ஒழுங்கற்றதாக்கிவிட முடியும். கோலப்பும் ஸ்வின்னியும் 1975இல் இரண்டு உருளைக்கு நடுவே நீரை வைத்து உள் உருளையைச் சுழற்றிப் பார்த்தபோது நீண்ட தாள வரிசை ஏதும் வரவில்லை, சில தாளங்களோடு இரைச்சல் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் ஓட்டினேன், உராய்வே போடவில்லை, ஆனாலும் வடை வீங்கிக்கொண்டே போகிறதே?

தம்பி, ஆயிலர் முறைதானே போட்டாய், பழைய இடத்தையும் பழைய வேகத்தையும் வைத்தே அடுத்த படியைக் கணக்கிடுவது? இந்தக் குழியில் நானும் விழுந்து மூன்று ராத்திரி பாட்டரியைத் தின்றிருக்கிறேன். சாதாரண ஸ்பிரிங் ஆட்டத்துக்கே, கோண வேகம் 1, படி அளவு 0.01 என்று வைத்தால், ஒவ்வொரு படியிலும் வீச்சு 1.00005 மடங்காகும். பார்க்க ஒன்றுமில்லை. 1,00,000 படி போனால் 148 மடங்கு! இல்லாத ஆற்றலை நீயே ஊட்டிவிட்டு அமைப்பு நிலையற்றது என்று எழுதிக் கொடுக்காதே. முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தை வைத்தே இடத்தைப் புதுப்பி. ஒரு வரி மாற்றம்தான், வீக்கம் நின்றுவிடும். ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஒரே பக்கமாக ஓடாது.

பரீட்சைக்கு வருமா?

வராது.

அந்த இரண்டு ஜெனரேட்டரையும் ஒரே கம்பியில் மாட்டினால் பூட்டிக்கொள்ளுமா? (மருந்துக் கடைக்காரர்)

பூட்டிக்கொள்ளும் அண்ணே, மின்நிலையங்கள் எல்லாம் அப்படித்தான் ஒன்றாக ஓடுகின்றன. ஆனால் அங்கே சேர்க்கும் முன் வேகத்தையும் அலை உச்சியையும் ஒத்துவரச் செய்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள். நீங்கள் சும்மா மாட்டினால், சத்தம் பெருக்கிற நேரம் இல்லாமல் அடங்குகிற நேரமாகப் பார்த்து மாட்டி வைத்தால், பூட்டுவதற்கு முன்னாலேயே கம்பி சிவந்து டீக்கடை மிஷின் புகையும். வேண்டாம் என்றேன். "டீக்கடைக்காரன் மிஷின்தானே புகையும்?" என்றார்.